வெயிலில் வைத்த ஞாயிற்றுக்கிழமைச் சோறு

எங்கள் வீட்டில் வெயிலுக்கு விலை பேசியது ஒரே ஒரு முறைதான். அப்போது சித்தூரில் குடியிருந்தோம். எண்பதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருஷம் சரியாகச் சொல்ல எனக்கு வராது. நான் ரெண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், இதையும் அப்படிக் கூட்டிக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனால் நடந்தது நடந்தபடி ஞாபகம் இருக்கும். அதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது.

என் வீட்டுக்காரர் வெல்ல மண்டியில் எடை போடும் குமாஸ்தா. பிள்ளைகள் ரெண்டு பேரும் ஹாஸ்டலில் படித்தார்கள். வீட்டில் நான், அவர், என் மாமியார், மூன்றே பேர். அடுப்புக்கு மாங்கட்டை, வேர்க்கடலைத் தோல், எப்போதாவது கரும்புச் சோகை. மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றும் இருந்தது. அது காப்பிக்கு மட்டும்.

வாரத்தில் ஆறு நாள் மூன்று பேருக்குச் சமையல். ஏழாம் நாள்தான் வேலை. எங்கள் வேதக்கோவிலில் காலையில் தெலுங்கு ஆராதனை, அது முடிந்து பத்து மணிக்குத் தமிழ் ஆராதனை. சுற்று ஊர்களிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் மூன்று நான்கு பேராவது எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். மாமனார் இருந்த நாளிலிருந்து வந்த வழக்கம் அது. மாமியார் அதில் ஒரு சட்டமும் வைத்திருந்தார். விருந்தாளி செருப்பைக் கழற்றும்போது சோற்றில் ஆவி பறக்க வேண்டும். ஆறின சோறு போட்டால் வீட்டுக்கு அவமானம்.

ஆவி பறக்க வேண்டுமென்றால் பதினொரு மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். போதகர் பிரசங்கத்துக்கு ஏறும்போது நான் எழுந்து வெளியே வந்துவிடுவேன். கல்யாணமான மறு வாரம் தொடங்கியது. பதினெட்டு வருஷத்தில் ஒரு பிரசங்கத்தின் முடிவையும் நான் கேட்டதில்லை. கடைசியில் எல்லோரும் எழுந்து நிற்க, போதகர் இரண்டு கையையும் தூக்கி ஆசீர்வாதம் சொல்வாரே, அதற்கும் நின்றதில்லை. மாமியார் முன் பெஞ்சில் கடைசிவரை உட்கார்ந்திருப்பார். அவருக்கு வயதாகிவிட்டது என்று கணக்கு.

கோவிலில் என் பக்கத்தில் உட்காரும் டீச்சரம்மா ஒருத்தி இருந்தாள். நான் எழும்போதெல்லாம் முழங்காலை ஒதுக்கி வழி விட்டுக்கொண்டே ஏதாவது சொல்வாள்.

"இன்னா, ஒனக்கு மட்டும் ஆசீர்வாதத்த வூட்டுக்கே அனுப்பி வெக்கிறாங்களா?"

"ஆமா, சாப்புட வர்றவங்க எடுத்தாறாங்க. நீயும் வா, ஒனக்கும் ஒரு கரண்டி போடறேன்" என்பேன்.

பதில் சொல்லிவிடுவேனே தவிர, அந்த வாசற்படியைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் அத்தனை கண்ணும் இருக்கும். எனக்குத் தலை குனிந்து பழக்கமில்லை. நிமிர்ந்துதான் நடப்பேன். நிமிர்ந்து நடந்தாலும் ஓடுகிறவள் ஓடுகிறவள்தானே.

மாமியாருக்குக் கண் காட்டத் திருப்பதிக்குப் போனபோதுதான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியில் ஒரு மைதானத்தில் அரசாங்கப் பொருட்காட்சி. உள்ளே நுழைய நினைக்கவில்லை, நிழலுக்காக நுழைந்தோம். ஒரு மேஜைமேல் பெரிய ட்ரங்குப் பெட்டி மாதிரி ஒன்று. உள்ளே கறுப்பு, மேலே இரட்டைக் கண்ணாடி மூடி. அந்த மூடிக்கு மேல் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றைச் சாய்த்து வைத்திருந்தார்கள். உள்ளே மூடி போட்ட பாத்திரமாய் நான்கு ஏனங்கள். நெருப்பில்லை, கரண்ட் ஒயர் இல்லை. பக்கத்தில் நின்ற அதிகாரி திறந்து காட்டினார். சோறு வெந்து மல்லிகை மொட்டு மாதிரி நின்றது.

அவர் தெலுங்கிலும் தமிழிலும் மாற்றி மாற்றி என்னென்னவோ சொன்னார். மானியம் உண்டு, பாதி விலையை அரசாங்கம் கொடுக்கும், புகையில்லை, கண்ணுக்கு நல்லது. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"பக்கத்துல ஆள் நிக்கணுமா?"

"அவசரமே லேதம்மா, தேவையே இல்ல. வெச்சிட்டு நீங்க பாட்டுக்குப் போவலாம். மூணு மணி நேரம் கழிச்சி வந்து எறக்கிக்கலாம்."

அந்த இடத்திலேயே நான் முடிவு செய்துவிட்டேன். ஆனால் வீட்டில் முடிவு செய்கிறவர் வேறு ஆளாயிற்றே. சித்தூரில் சில வீடுகளுக்கு ஒரு மாதம் வைத்துப் பார்க்கக் கொடுக்கிறார்கள், பிடித்தால் பணம் கட்டலாம், இல்லையென்றால் திருப்பித் தரலாம் என்றார் அதிகாரி. விலாசம் சொன்னேன், எழுதிக்கொண்டார். பஸ் சந்திரகிரியை நெருங்கியது. கோட்டை கண்ணுக்குத் தெரிந்தபோது மாமியார் சொன்னார்.

"வெயில்ல வெந்தத துன்னா வயித்துக்கு ஆவுமா?"

"வடாம் வெயில்லதான காயுது, அத்தை."

"வடாத்த எண்ணெயில பொரிச்சிதான துன்றோம்."

சாயங்காலம் வீட்டில் பெட்டி விஷயத்தைச் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆளில்லை, எடை போடுகிற ஆள். "வெறகு எவ்வளவு மிச்சமாவுதுன்னு பார்த்துடலாம்" என்றார். மண்டியில் ஒதுக்கிப் போட்டிருந்த பழைய கொக்கித் தராசைக் கொண்டுவந்து சமையலறை உத்திரத்தில் மாட்டினார். காலையில் அன்றைக்கு வேண்டிய கட்டையை எடை போட்டுக் கொடுப்பார். சாயங்காலம் மிச்சத்தை எடை போட்டு எவ்வளவு எரிந்தது என்று சுவரில் கரியால் எழுதுவார். பெட்டி வருவதற்கு முந்தின வாரம் முழுக்க அப்படி எழுதினார். திங்களிலிருந்து சனிவரை ஆறு வரி. ஞாயிற்றுக்கிழமை தராசைத் தொடமாட்டார். ஓய்வு நாளில் எடைக்கல்லைத் தொடக்கூடாது என்று அவர் அப்பா வைத்திருந்த நியாயம். மண்டிக்காரர்களே அதற்காக அவரை மதித்தார்கள்.

பெட்டி ஒரு வெள்ளிக்கிழமை பஸ் மேலே கோணியில் சுற்றி வந்து இறங்கியது. எங்களுக்கு முன்னால் ரெண்டு வீட்டில் இருந்துவிட்டு வந்ததாம். மொட்டை மாடிக்கு ஏற்றினோம். ஏனங்களை வெளியே எடுத்துப் பார்த்தேன். அலுமினியம்தான், ஆனால் மூடியிலும் புறத்திலும் கறுப்பு அப்பிக் கிடந்தது. எனக்கு அருவருப்பாக இருந்தது. ரெண்டு வீட்டார் அடுப்பில் ஏற்றிவிட்டு அப்படியே திருப்பித் தந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். வேறென்ன நினைப்பேன்? என் வீட்டில் சனிக்கிழமை ஏனம் துலக்கும் நாள். மறுநாள் விருந்தாளிகள் வருவதால் புளியும் சாம்பலும் செங்கல்தூளும் போட்டு ஒவ்வொன்றாகத் தேய்ப்பேன். என் சொம்பில் முகம் பார்த்துத் தலை வாரலாம் என்று தெருவில் சொல்வார்கள்.

அந்த நான்கு ஏனத்துக்கு மட்டும் அரை நாள் ஆனது. அடுத்தவர் வீட்டுக் கரி லேசில் போகவில்லை. தேங்காய் நார் தேய்ந்து கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மணல் போட்டேன். ஓட்டுச் சில்லால் சுரண்டினேன். சாயங்காலம் வெள்ளி மாதிரி நான்கையும் கவிழ்த்து வைத்தபோது மாமியார்கூட நின்று பார்த்து மெச்சினார்.

மறுநாள் காலை கறிக்குழம்பை விடியற்காலையிலேயே அடுப்பில் வைத்து இறக்கிவிட்டேன். மூன்று ஏனத்தில் அரிசி, ஒன்றில் பருப்பு. ஒன்பதரை மணிக்குப் பெட்டியில் வைத்து மூடிவிட்டுக் கோவிலுக்குப் போனேன். போதகர் பிரசங்கத்துக்கு ஏறினார். டீச்சரம்மா பழக்கத்தில் முழங்காலை ஒதுக்கினாள். நான் எழவில்லை.

"இன்னா, ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் கீறேன்."

பிரசங்கம் முழுக்கக் கேட்டேன். நான் நினைத்திருந்ததைவிட நீளம். ஆசீர்வாதத்துக்கு எழுந்து நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு சோற்றை நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது சொல்வதில் தப்பில்லை.

வீட்டுக்கு வந்து மாடி ஏறித் திறந்தேன். அரிசி ஊறி இருந்தது, வேகவில்லை. பருப்பு நான் போட்டபடியே கிடந்தது. கீழே விஜயபுரம் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவரும் அவர் வீட்டு அம்மாவும், இன்னும் ரெண்டு பேரும் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். இலையில் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. நான் ஏனத்தோடு இறங்கி வந்ததைப் பார்த்து மாமியார் உள்ளே வந்தார். விரலால் ஒரு அரிசியை நசுக்கிப் பார்த்தார்.

"நின்னு வாங்கிக்கினு வந்தியே ஆசீர்வாதம், அத எடுத்துப் போடு எலையில."

அடுப்பைப் பற்றவைத்தேன். ரெண்டு மணிக்குச் சாப்பாடு. பெரியவர் நல்லவர், பசியே இல்லை என்று நாலு தடவை சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொரு தடவையும் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டாம்.

அதற்கப்புறம் ரெண்டு ஞாயிறும் பழையபடி பிரசங்கத்துக்கு முன்னாலேயே எழுந்து வந்தேன். டீச்சரம்மா, "இன்னா, ஒரு வாரத்தோட முடிஞ்சிப் போச்சா?" என்றாள். நான் வாசற்படியைத் தாண்டிவிட்டேன்.

வார நாட்களில் பெட்டியை வைத்துப் பார்க்காமல் இல்லை. காலையில் வைத்த பருப்பு நாலு மணிக்கு வேகும். மத்தியானச் சாப்பாட்டுக்கு எப்படியும் அடுப்பு மூட்ட வேண்டியதுதான். சுவரில் கரி வரிகள் கூடிக்கொண்டே போயின. என் வீட்டுக்காரர் சாயங்காலம் சுவர் முன்னால் நின்று பழைய வாரத்தையும் புது வாரத்தையும் பார்ப்பார். பெரிய வித்தியாசம் இல்லை. அவர் அதை ஒரு தடவைகூட குத்திக் காட்டவில்லை. குத்திக் காட்டியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மூன்றாவது வாரம் முடிகிற சமயம். மாசி மாதம். மாடியில் புளி காயப்போட்டிருந்தேன். மத்தியானம் அதைப் புரட்டப் போனேன், காலில் செருப்பில்லை. எங்கள் மாடி சுண்ணாம்புத் தளம். மழை ஒழுகும் விரிசல்களில் மட்டும் தார் பூசியிருந்தார்கள். சுண்ணாம்பில் நடந்தபோது ஒன்றும் தெரியவில்லை. தாரில் கால் வைத்ததும் சுரீரென்றது, குதித்து விலகினேன். மறுபடி சுண்ணாம்பில் வைத்தேன், சுடவில்லை. தாரில் கட்டை விரலை மட்டும் வைத்துப் பார்த்தேன். சுட்டது. ஒரே வெயில்.

பெட்டி பக்கத்தில்தான் இருந்தது. உள்ளே கறுப்பு. நடுவில் நான் துலக்கிய நான்கு ஏனமும் பளபளவென்று வெயிலை வானத்துக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தன.

புளியை அப்படியே விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். அழவில்லை. யாரோ துலக்காமல் விட்ட கரி என்று நினைத்து, வேண்டுமென்றே பூசிய கறுப்பை அரை நாள் சுரண்டி எடுத்திருக்கிறேன். இதை யாரிடம் சொல்வது? தெரு முழுக்கத் துலக்கலுக்குப் பேர் வாங்கியவள். சொல்லக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

சரி, மறுபடி கறுப்பாக்க வேண்டும். பெயின்ட் வாங்கினால் எதற்கு என்று கேள்வி வரும். கரியைத் தண்ணீரில் குழைத்துப் பூசினேன், காய்ந்ததும் உதிர்ந்தது. எண்ணெயில் குழைத்தேன், கையெல்லாம் ஒட்டியது. அப்புறம் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. நான் படித்த ரெண்டு வருஷத்தில் எழுத்தைவிட எனக்கு நன்றாக வந்த வேலை ஒன்று உண்டு. சனிக்கிழமைகளில் பொம்பளைப் பிள்ளைகள் கோவை இலையும் அடுப்புக் கரியும் சேர்த்து அரைத்துக் கரும்பலகைக்குப் பூச வேண்டும். நான் பூசின பலகைதான் வகுப்பிலேயே கறுப்பு. வாத்தியாரே சொல்லியிருக்கிறார்.

வேலியில் கோவைக்கொடிக்குப் பஞ்சமா? அந்தச் சனிக்கிழமை, அதாவது அதிகாரி வருவதற்கு முந்தின சனிக்கிழமை, மற்ற ஏனங்களை எல்லாம் துலக்கிக் கவிழ்த்துவிட்டு, அந்த நான்கை மட்டும் எடுத்து வைத்து மூடிக்கும் புறத்துக்கும் மூன்று பூச்சு பூசினேன். மணல் போட்டுத் தேய்த்து அலுமினியம் சொரசொரப்பாகி இருந்ததால் நன்றாகப் பிடித்தது. மாமியார் பின்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஊர்ல எல்லாம் ஏனத்த வெளுக்கிறாங்க. நீ இன்னாத்துக்கு கருக்கிக்கினு கீற?"

நான் பூசிக்கொண்டே இருந்தேன். அவர் கொஞ்ச நேரம் ஏனத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். திருப்பதியில் அதிகாரி திறந்து காட்டியபோது அவரும் என் பக்கத்தில்தானே நின்றார். அங்கிருந்த ஏனமும் கறுப்புதான், நான் சோற்றை மட்டும் பார்த்திருக்கிறேன்.

"அடிப்பாவி" என்றார். "தேச்சி எடுத்துட்டியா?"

"மெல்லப் பேசுங்க, அத்தை."

"அதுக்குத்தான் அந்தப் பெரிய மனுசன ரெண்டு மணி வரைக்கும் பட்டினி போட்டியா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மகனிடம் சொல்லவில்லை. எனக்காகச் சொல்லாமல் இருந்தார் என்று நான் நினைக்கவில்லை. நான் தேய்த்து முடித்தபோது பக்கத்தில் நின்று மெச்சியவர் அவர்தானே.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் சனிக்கிழமை வரியை எழுதிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"திங்கக்கெழம அவரு வந்தார்னா குடுத்து அனுப்பிடலாம்மே. நமக்கு இது கட்டுப்படி ஆவாது."

"ஞாயித்துக்கெழம எங்க கீது செவுத்துல?"

"அன்னிக்கு நான் தராசு தொடறதில்ல. ஒனக்குத் தெரியாதா?"

"நீங்க தராசு தொடக்கூடாது. நான் மட்டும் அடுப்பு தொடலாமா?"

நான் சத்தமாகச் சொல்லவில்லை. பதினெட்டு வருஷத்தில் அதை முதல் தடவையாகச் சொன்னேன், அவ்வளவுதான்.  நான் பின்கட்டுக்குப் போனேன். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே தராசுக் கொக்கி கிறீச்சிடும் சத்தம் கேட்டது. அன்றைய எடையைத்தான் எழுதி முடித்துவிட்டாரே, இது எதற்கு என்று நினைத்தேன். கேட்கவில்லை.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குப் பெட்டியை வைத்தேன். திருப்பிவிட ஆளில்லை என்பதால் அப்போதைய வெயிலுக்கு நேராக வைக்காமல், பதினொரு மணி வெயில் எங்கே நிற்குமோ அந்தப் பக்கம் தள்ளி வைத்தேன். அந்த நேரத்து வெயிலும் நிழலும் எந்தச் சுவரில் எவ்வளவு விழும் என்று என்னைவிடத் தெரிந்தவர் சித்தூரில் கிடையாது. பதினெட்டு வருஷம் அந்த நேரத்தில் அந்தத் தெருவில் தனியாக நடந்தவள் நான்.

பிரசங்கம் தொடங்கியது. டீச்சரம்மா முழங்காலை ஒதுக்கினாள். "நேரா உக்காரு. நான் போவப் போறதில்ல" என்றேன்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் நாலு ஜோடி செருப்பு கிடந்தது. மாடி ஏறினேன். பெட்டிக் கண்ணாடியின் உள்பக்கம் வேர்த்து நீர் வழிந்துகொண்டிருந்தது. கரித்துணியால் பிடித்துத்தான் மூடியை எடுக்க முடிந்தது. சோறு வெந்திருந்தது. பருப்பும் வெந்திருந்தது. கீழே கொண்டுவந்து இலையில் போட்டேன். ஆவி பறந்தது. மாமியார் ஒரு உருண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு கம்மி" என்றார்.

திங்கட்கிழமை விடிந்ததும் என் வீட்டுக்காரர் தராசு முன்னால் நின்றார். வழக்கமாகத் திங்கட்கிழமை காலையில் விறகு மூலை காலியாக இருக்கும், வாரக் கட்டு ஞாயிறோடு தீர்ந்துவிடும். அன்றைக்கு, ஞாயிற்றுக்கு வைத்திருந்ததில் பாதிக்குக் கொஞ்சம் குறைய மிச்சம் இருந்தது. அதைக் கொக்கியில் மாட்டினார். சனிக்கிழமை சாயங்காலம் மொத்தக் கட்டையும் எடை போட்டு வைத்திருக்கிறார். ரெண்டுக்கும் நடுவில் எரிந்தது எவ்வளவோ அதைச் சுவரில் ஏழாவது வரியாக எழுதினார்.

"ஞாயித்துக்கெழம நான் தொடல" என்றார் என்னிடம்.

"இல்லன்னு யார் சொன்னாங்க?"

அதிகாரி பத்து மணிக்கு வந்தார். பெட்டியைத் தட்டிப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். ஒரு ஏனத்து மூடியில் விரலை ஓட்டினார். விரல் லேசாகக் கறுத்தது.

"ஏமம்மா, இதுல பூசின பெயின்ட்டு எங்க?"

"தேஞ்சிப் போச்சி."

"ஒரு மாசத்துலயா?"

"எங்க வூட்ல நல்லா தேய்ப்போம்" என்றேன்.

உள்ளிருந்து மாமியார் இருமினார். என் வீட்டுக்காரர் நாற்காலிமேல் ஏறி உத்திரத்திலிருந்து தராசைக் கழற்றிக்கொண்டிருந்தார். இறங்கி வந்து, மானியம் போக மீதியை மூன்று தவணையாகக் கட்டலாமா என்று அதிகாரியிடம் கேட்டார். ஏனத்தைப் பற்றி அவர் கடைசிவரை என்னிடம் கேட்கவில்லை. தெரியாமல் இருந்திருக்காது.

பெட்டி எங்களிடம் ஆறேழு வருஷம் இருந்தது. அதற்குக் கொடுத்த பணத்துக்கு அது உழைத்ததா என்று யாராவது கேட்டால், விறகில் உழைத்தது என்று அவர் சொல்லுவார். நான் வேறு மாதிரி சொல்லுவேன்.

வாங்கிய வருஷமே ஐப்பசி வந்தது, மழை பிடித்துக்கொண்டது. நாலு ஞாயிறு தொடர்ந்து சூரியனைப் பார்க்கவில்லை. பெட்டி மாடிப் படிக்கட்டுக்கு அடியில் கோணிக்குள் கிடந்தது. முதல் மழை ஞாயிறு, போதகர் பிரசங்கத்துக்கு ஏறினார். முன் பெஞ்சிலிருந்து மாமியார் திரும்பி என்னைப் பார்த்தார். நான் பார்த்தும் உட்கார்ந்திருந்தேன். ஆசீர்வாதம் முடிந்து எல்லோரோடும் குடை பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஈரக் கட்டையை ஊதிப் பற்றவைத்தேன். என் வீட்டுக்காரர் விருந்தாளிகளுக்கு வேர்க்கடலை வறுத்துக் கொடுத்தார். சோறு ஒன்றரை மணிக்கு இலைக்கு வந்தது. ஆவி பறந்தது.

விருந்தாளிகள் ஒருத்தரும் எழுந்து போகவில்லை. அதற்குப் பிறகு வெயிலடித்தாலும் மழை பெய்தாலும் பிரசங்கத்துக்கு நடுவில் நான் எழுந்ததில்லை.